விளையில பழுத்தது வீட்டுல தின்னது: இந்தக் கோடையில உங்க பக்கம் என்ன கிடைச்சுது?

குழித்துறை_அக்கா | ஏப்ரல் 19, 2025, காலை 7.10

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு குழித்துறை பக்கம், களியக்காவிளை கேரள எல்லைக்கு பஸ்ல கால் மணி நேரம். இந்த சித்திரை விசுவுக்கு, காலையில கண் முழிச்சுப் பாக்கக் கனி வச்சப்பம் ஒரு விஷயம் கவனிச்சேன், கண்ணாடியும் துட்டும் விளக்கும் தவிர உருளியில இருந்தது எல்லாமே எங்க விளையில (வீட்டோட உள்ள தோட்டத்துல) உள்ளது, இல்லன்னா அடுத்த விளையில உள்ளது. கனிவெள்ளரி ஒண்ணு, மட்டிப்பழம் ஒரு சீப்பு, கொத்தோட மாங்கா, பிஞ்சு சக்கை (பலாக்காய்) ஒண்ணு, கொன்னப்பூ. பத்து பன்னெண்டு வருஷமா மார்த்தாண்டம் சந்தையில வாங்கித்தான் வச்சுட்டு இருந்தேன். போன வருஷம் ரப்பர் முறிச்ச இடத்துல ஒரு 10 சென்ட் சும்மா கிடந்துது, அதுல வெள்ளரி, தடியங்கா, பயறு, வழுதலங்கா, கீரைன்னு போட்டோம், கிணத்துத் தண்ணிதான், உரம் மாட்டுச்சாணமும் அடுக்களைச் சாம்பலும்.

இப்பம் மாம்பழம் தொடங்கிட்டு. எங்க விளையில நிக்கிறது ரெண்டு நாட்டுமாவு, சப்பிக் குடிக்கிற சின்னப் பழம். அடுத்த விளையில ஒரு செங்கவருக்கை மாமரம் நிக்குது, என் மாமியார் கல்யாணம் ஆகி வந்தப்பமே காய்ச்சிட்டு இருந்த மரமாம். அந்த வீட்டுக்காரங்க பிள்ளைகளோட வெளியூர்ல இருக்காங்க, பறிச்சுத் தின்னுங்கன்னு சொல்லியிருக்காங்க. ராத்திரி காத்தடிச்சா ஷீட்டு மேல டப்புன்னு ஒரு சத்தம், உடனே பிள்ளைகள் டார்ச்சைத் தூக்கிட்டு ஓடும். தோல் பச்சையும் மஞ்சளுமா இருக்கும், காம்புப் பக்கம் மட்டும் லேசா சிவப்பு ஏறியிருக்கும், வெட்டினா உள்ள செங்கல் நிறம். அந்த மணம் கத்தியில இருந்து போக ரெண்டு தடவை கழுவணும்.

உங்க பக்கம் இந்தக் கோடையில வீட்டுல விளைஞ்சது, பக்கத்துல விளைஞ்சது என்னெல்லாம் கிட்டுது, எப்படித் தின்கிறீங்கன்னு எழுதுங்க. ஒரு சந்தேகமும் உண்டு, எங்க நாட்டுமாம்பழத்துல பத்துக்கு நாலு புழு. கடையில வாங்குறதுல புழு காணலியே, அது ஏன்?

அருமனை_தம்பி | ஏப்ரல் 19, காலை 8.02

அக்கா செங்கவருக்கைன்னு வாசிச்சதும் நாக்குல தண்ணி வந்துட்டு. எங்க வீட்டுல இருந்த மரத்தை ரப்பர் வைக்கதுக்காகப் பாட்டா காலத்துலயே வெட்டியாச்சு. இப்பம் எங்க விளையில கைதச்சக்கை (அன்னாசி) மட்டும்தான், ரப்பர் கன்னு சின்னதா இருக்கிற முதல் மூணு வருஷம் ஊடுபயிரா போடுவோம்லா, அது. காலையில விளைக்குப் போறப்பம் பழுத்தது ஒண்ணை வெட்டி அங்கயே நின்னு உப்பும் மிளகுப்பொடியும் தொட்டுத் தின்னா அதுக்கு ஈடு ஒண்ணும் இல்ல. கடைக்குப் போறதை முக்கால் பச்சையில முறிச்சு அனுப்புவோம், அது நிறம் மாறும், ஆனா இனிப்பு ஏறாது. கைதச்சக்கை முறிச்சப்புறம் இனிக்காது, செடியில இருக்கிறப்பம் என்ன இனிப்போ அதுதான். அதனால விளைஞ்ச இடத்துல தின்கிறவன் தின்கிற பழமும் டவுன்ல தின்கிறவன் தின்கிற பழமும் ரெண்டும் ரெண்டு பழம்.

பாறசாலை_மருமக | ஏப்ரல் 19, காலை 9.40

நான் பிறந்தது தக்கலை, கட்டிக்குடுத்தது எல்லை தாண்டி பாறசாலை. நீங்க செங்கவருக்கைன்னு சொல்றதை இங்க கோட்டுக்கோணம்னு சொல்லுவாங்க, திருவனந்தபுரம் பக்கம் ரோட்டோரம் கூடையில வச்சு விப்பாங்க. விலையும் நல்லா இருக்கும், ஆனா வாங்குன அன்னைக்கே தின்னுரணும், மறுநாள் வச்சா குழைஞ்சுரும். அதனாலதான் அந்தப் பழம் மதுரையைத் தாண்டினா யாருக்கும் தெரியல.

உங்க நாட்டுமாம்பழத்தை வச்சு புளிசேரி வைங்க அக்கா. நான் மாமியார்கிட்ட படிச்சது. சின்னப் பழம் ஏழெட்டு, தோலை மட்டும் உரிச்சு முழுசா சட்டியில போட்டு மஞ்சப்பொடி, கொஞ்சம் மிளகாப்பொடி, உப்பு, ஒரு துண்டு வெல்லம், பழம் மூழ்குற தண்ணி. வெந்து சாறு இறங்குறப்பம் தேங்காவும் சீரகமும் பச்சமிளகாவும் வெண்ணெய் மாதிரி அரைச்சு விடணும். கடைசியில நல்லா கடைஞ்ச புளிச்ச தயிரு. தயிரு விட்டப்புறம் கொதிக்க விடக்கூடாது, ஓரத்துல சின்னதா நுரை கூடி வரும் பாருங்க, அப்பமே இறக்கிரணும். தேங்காஎண்ணெயில கடுகு, வெந்தயம், வத்தல், கறிவேப்பிலை தாளிச்சு மேல ஊத்தி மூடி வைங்க. மத்தியானம் சோத்துல அந்த முழுப்பழத்தைப் போட்டு பிசைஞ்சு கொட்டையைச் சப்புறது, அதுதான் எங்க வீட்டுல கோடை. இதுக்கு ஒட்டுமாம்பழம் சரிப்படாது, நார் உள்ள புளிப்பும் இனிப்பும் கலந்த பழம்தான் வேணும்.

நாற்றங்கால்_மாமா | ஏப்ரல் 19, மதியம் 1.15

புழு கேள்விக்கு வாறேன். நான் 30 வருஷம் நாற்றுப்பண்ணையில வேலை பாத்தவன், இப்பம் வீட்டுலதான்.

அது பழ ஈ. காய் முத்தி பழுக்கத் தொடங்குறப்பம் தோலுக்கு உள்ள ஊசி குத்துற மாதிரி முட்டை போட்டுரும், வெளியில பாத்தா ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். மரத்துலயே பழுத்து விழட்டும்னு விட்டா புழு உறுதி. கடைப்பழத்துல காணாததுக்கு முக்கியக் காரணம் அவங்க முத்துனதும் பச்சையாவே பறிச்சுருவாங்க, ஈக்கு நேரமே கிடைக்காது. பெரிய தோட்டத்துல மருந்தும் உண்டு.

நீங்க செய்ய வேண்டியது மூணு காரியம். முதல்ல கீழ விழுந்த பழம் ஒண்ணு கூட மரத்தடியில கிடக்கக் கூடாது, அதுல உள்ள புழுதான் மண்ணுக்குள்ள போய்க் கூடு கட்டி மறுபடியும் ஈயா வரும். எடுத்து ஆழமா குழியில போட்டு மூடுங்க, இல்ல ஒரு வாளித் தண்ணியில ரெண்டு நாள் முக்கி வைங்க. அடுத்தது, காம்புப் பக்கம் ரெண்டு தோளும் மேல ஏறி காம்பு பள்ளத்துல இருக்கிற மாதிரி ஆனதும் தோட்டி (கொக்கி) வச்ச கம்புல பறிங்க. சந்தேகம்னா தண்ணியில போடுங்க, முத்துன காய் முங்கும், பிஞ்சு மிதக்கும். காம்பை ஒரு விரல் நீளம் விட்டுப் பறிச்சு, அப்புறம் ஒடிச்சு, கவுத்து வச்சு பால் வடிய விடணும், இல்லன்னா அந்தச் சுணை தோல்ல பட்டு கறுக்கும், வாயும் புண்ணாகும். மூணாவது, மீத்தைல் யூஜினால் பொறி, உரக்கடையில கேட்டா கிட்டும், ஆண் ஈ எல்லாம் அதுல வந்து விழும். எங்க காலத்துல துளசி இலையைக் கசக்கி சிரட்டையில கொஞ்சம் வெல்லமும் தண்ணியும் விட்டு கொஞ்சம் விஷமும் கலந்து மரத்துல கட்டித் தொங்க விடுவோம், துளசியிலயும் அதே மணம் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுல சிரட்டை வேண்டாம், மூடுன டப்பா பொறியே போதும்.

குழித்துறை_அக்கா | ஏப்ரல் 19, மாலை 6.30

மாமா ரொம்ப நன்றி. விழுந்ததை எல்லாம் வாழைமூட்டுலதான் இவ்வளவு நாளும் போட்டுட்டு இருந்தேன், ஈயை நானே வளத்திருக்கேன். நாளைக்கே குழி வெட்டுறோம்.

கோவிந்தாபுரம்காரன் | ஏப்ரல் 20, காலை 6.45

எல்லாருக்கும் வணக்கமுங்க. நானு பொள்ளாச்சி தாண்டி கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், முதலமடை. கேரளாதானுங்க, ஆனா எங்க ஊட்டுல, கடையில, மண்டியில எல்லாம் தமிழுதான்.

எங்களுக்கு மாம்பழ சீசன் முடியற நேரமுங்க இது. பாலக்காட்டு கணவாய்க் காத்தும் வெயிலும் சேர்ந்து எங்க மரம் நவம்பர்லயே பூத்துருமுங்க, ஜனவரி கடைசில காய் வந்துரும். நாட்டுலயே முதல்ல சந்தைக்கு வர்ற மாங்காயில எங்களுதும் ஒண்ணு. அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், எல்லாம் பொட்டி கட்டி டெல்லி, இந்தூர்னு லாரி ஏறிரும். எங்கப்பா தோட்டத்துலயே 300 மரமிருக்குதுங்க, ஆனா நாங்க நல்ல பழம் தின்னது இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா. மரத்தைப் பூவுலயே குத்தகைக்கு உட்டுருவோம், பறிக்கறது அவங்க, நமக்கு மிஞ்சறது அடிபட்டது, சொத்தை.

மூணு வருஷத்துக்கு முந்தி என் பொண்ணு கேட்டா, ஏப்பா நம்ம மரத்துல பழம் எப்படியிருக்கும்னு. அன்னைக்கு முடிவு பண்ணி ஊட்டைச் சுத்தி 12 மரத்தைக் குத்தகைல இருந்து எடுத்துட்டனுங்க. மருந்தே அடிக்கறதில்லை. மூவாண்டன், நீலம், ரெண்டு அல்போன்சா. காய் பாதிதான் வருது, அது பரவால்லீங்க. பறிச்சு வைக்கோல்ல அடுக்கி மேல ஒரு சாக்கு போட்டா அஞ்சாறு நாள்ல ரூமே மணக்கும். அத அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்துத் தின்கறோம்.

தேடல்_திவ்யா | ஏப்ரல் 20, காலை 11.20

நான் நாகர்கோவில்ல அப்பார்ட்மென்ட், தோட்டம் இல்லை, மரம் இல்லை. கடையில வாங்கறவங்க என்ன பண்றது? கார்பைடு போட்டதுன்னு எப்படித் தெரியும்? லோக்கல்னு சொல்லி விக்கறவங்களை மட்டும் நம்பறதா?

நாற்றங்கால்_மாமா | ஏப்ரல் 20, மதியம் 12.50

நல்ல கேள்வி மக்களே. கார்பைடு கல்லுல ஈரம் பட்டா அசிட்டிலின் வாயு வரும், அதுதான் பழத்தோல் நிறத்தை மாத்துறது. அதுல ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்படம் இருக்கும்ங்கிறதால பழத்துக்குப் போடவே கூடாதுன்னு சட்டம். எத்திலீன் வேற, அது பழமே விடுற வாயு, 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்கு) வரைக்கும் அறையில விட்டுப் பழுக்க வைக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி உண்டு. அதனால பழுக்க வச்ச பழம் எல்லாமே விஷம்னு நினைக்காண்டாம்.

பாத்துக் கண்டுபிடிக்க ஒரு வழி, தோல் முழுக்க ஒரே மஞ்சள், ஆனா அமுக்கினா கல்லு மாதிரி, மணமே இல்ல, வெட்டினா கொட்டைப் பக்கம் வெளுத்துப் புளிப்பு, இப்படி இருந்தா வாங்காதீங்க. அதை விட நல்ல வழி பச்சைக்காயா வாங்குங்க. முத்துன காயை அரிசி டப்பாவுல பொதைச்சு வச்சாப் போதும், கூட ஒரு பழுத்த வாழைப்பழம் போட்டா ஒரு நாள் முந்தும். வடசேரி சந்தைக்கு காலையில நேரமே போனா விளையில இருந்து நேரா கொண்டுவாற பாட்டிமார் தரையில சாக்கு விரிச்சு இருப்பாங்க, அவங்ககிட்ட பத்து பதினஞ்சு காய்தான் இருக்கும், ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, புள்ளியும் இருக்கும். அதை வாங்குங்க.

கம்பம்_பன்னீர் | ஏப்ரல் 21, இரவு 9.05

நான் கம்பம்ங்க, குமுளி மலை ஏறுனா கேரளா. நமக்கு திராட்சைத் தோட்டம் ரெண்டு ஏக்கர், பன்னீர் திராட்சை. 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு, சந்தோஷம். நம்ம பள்ளத்தாக்குல வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்துல வெட்டு நடந்துக்கிட்டே இருக்கும்.

ஆனா லோக்கல்னாலே மருந்து இல்லைன்னு யாரும் நினைச்சிர வேண்டாம்ண்ணே, அதை மறைச்சுப் பேச எனக்கு மனசு வரலை. மழை பெஞ்சா அடிச்சாம்பல் நோய் வந்து ரெண்டு நாள்ல இலை பூராம் போயிரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேத்து போர்டோ கலவை அடிக்கிறோம், அதுக்கு மேலயும் அடிக்கிறவுக இருக்காக. நான் வெட்டுக்கு முந்தி அடிக்கிறதை நிப்பாட்டி காத்திருந்துதான் வெட்டுறேன். விவசாயிகிட்ட நேரா வாங்குறதுல பெரிய லாபம் இதுதான், கடைசியா என்னைக்கு மருந்தடிச்சீகன்னு மூஞ்சியைப் பாத்துக் கேக்கலாம். கேளுங்க, கோவிச்சுக்க மாட்டோம். தோட்டத்து வாசல்ல வந்து வாங்குறவுகளுக்குக் கொடியில கறுத்து வெள்ளைச் சாம்பல் பூத்த குலையா பாத்து வெட்டித் தர்றேன், லாரிக்கு அது தாங்காது, கொட்டிரும். கழுவறப்போ ஓடுற தண்ணியில காம்போட கழுவுங்க.

பனங்காட்டான் | ஏப்ரல் 22, காலை 5.50

எல்லாரும் மாங்கா சக்கைன்னு பேசுறீங்க, பனையை மறந்தாச்சா. நான் கருங்கல் பக்கம், அப்பா பனை ஏறினவங்க. இந்த சித்திரை வைகாசிதான் அக்கானி (பதனீர்) நல்லா விழுற நேரம். கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவி பாளையில கட்டுவாங்க, அது இல்லன்னா காலையில இறக்குறதுக்குள்ள கள்ளாயிரும். கிழக்கு வெளுக்கிறப்பம் இறக்குனதும் பனையோலையில பட்டை பிடிச்சு அதுல அக்கானியை ஊத்தி, நுங்கை விரலால தோண்டி அதுக்குள்ள போட்டுக் குடிக்கணும். ஓலை மணம், சுண்ணாம்பு லேசா நாக்குல, நுங்கோட குளுமை. கிளாஸ்ல ஊத்திக் குடிச்சா அதுல பாதிதான் கிட்டும்.

நுங்கு வாங்குறப்பம் வெட்டி வச்ச கண்ணை வாங்காதீங்க, குலையோட வச்சு உங்க முன்னால சீவுறவங்ககிட்ட வாங்குங்க. கண்ணை அமுக்கிப் பாத்தா தளதளன்னு இருக்கணும், கெட்டியா இருந்தா முத்தல், வயித்து வலிதான் வரும். மேல உள்ள அந்த மெல்லிசு தோலோட தின்கணும், துவர்ப்பா இருக்கும், உரிச்சுப் போடாதீங்க, வேர்க்குரு வந்தா அந்தத் தோலைத்தான் அம்மா எங்க முதுகுல தேச்சு விடுவாங்க.

எங்க ஊர்ல ஏறத் தெரிஞ்சவங்க இப்பம் ரெண்டே பேர், ரெண்டு பேருக்கும் 60 தாண்டிட்டு. மரம் நிக்குது, ஏறுறதுக்கு ஆள் இல்ல.

பள்ளிப்பட்டு_டீச்சர் | ஏப்ரல் 23, இரவு 8.15

நான் திருத்தணிக்கு அந்தாண்ட பள்ளிப்பட்டு, நாலு திசையில மூணு திசை ஆந்திரா மாதிரிதான். எங்க சந்தையில பாதிப் பேர் தெலுங்கு, நுங்கைத் தாட்டி முஞ்சலுன்னு கூவி விப்பாங்க, நாங்களும் தெலுங்குலயே விலை பேசிடுவோம். கோடையில எங்க வீட்டுல தினம் தோசகாய், மஞ்சளா உருண்டையா இருக்குற வெள்ளரிக்காய், பருப்போட போட்டு வேக வெச்சு பூண்டு தாளிச்சா வெயிலுக்கு அவ்ளோ இதமா இருக்கும். வாங்கறப்போ ஒரு துண்டு வெட்டித் தரச்சொல்லி வாயில போட்டுப் பாக்கணும், சிலது கசக்கும். ஈச்சம்பழமும் இப்பதான் வரும், ஏரிக்கரையில பசங்க பறிச்சுட்டு ஸ்கூலுக்கே கொண்டாந்து கொடுப்பாங்க.

எங்க பக்கத்து மாங்காய் கிளிமூக்கு, ஆந்திராவுல கலெக்டர் மாங்கான்னும் சொல்வாங்க. ஜூஸ் ஃபேக்டரிக்குத்தான் பெரும்பாலும் போகுது. அதை செங்காயா வெட்டி உப்பும் மொளகாத்தூளும் போட்டுத் தின்னா அதோட அருமை தெரியும்.

குழித்துறை_அக்கா | மே 4, மாலை 5.20

எல்லாரும் எழுதுனதை வீட்டுல சத்தமா வாசிச்சுக் காட்டினேன். புளிசேரி மூணு தடவை வச்சாச்சு. பொறி வச்சு ஒரு வாரத்துல டப்பா நிறைய ஈ, இப்பம் பத்துக்கு ஒண்ணுதான் புழு.

கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) பத்தி யாரும் சொல்லல. இங்க அண்டியை (முந்திரிக்கொட்டையை) மட்டும் எடுத்துட்டு பழத்தை மரத்தடியில எறிஞ்சுருவாங்க, மூடை மூடையா அழுகிப் போகும். ஒரு நாளுக்கு மேல இருக்காது, அதனால கடைக்கே வராது. நான் சாறு பிழிஞ்சு அதுல ஆறுன கஞ்சித்தண்ணியைக் கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் வச்சேன், தொண்டையைக் கரகரன்னு பிடிக்கிற கறை எல்லாம் அடியில படிஞ்சுது, மேல தெளிஞ்சதை வடிச்சு சக்கரை போட்டுக் குடிச்சோம். பிள்ளைகள் பாட்டில் ஜூஸ் கேக்கிறதை நிறுத்திட்டு.

செங்கோட்டை_ராணி | மே 5, காலை 10.00

அக்கா நாங்க செங்கோட்டை, சிறுவயசுல கொல்லாம்பழத்தைக் கம்பியில குத்தி உப்பு தடவி வெயில்ல வச்சுத் தின்போம். உங்க கஞ்சித்தண்ணி வழியை இன்னைக்கே பண்ணப்போறேன். சக்கைக்கு எங்க வீட்டுல பெரிய கஷ்டம், ஒரு மரத்துல 40 காய்ச்சிருக்கு, எல்லாமே கூழன், சுளை குழகுழன்னு இருக்கிற ரகம். கெட்டிச் சுளை உள்ள வருக்கையா இருந்தா கேக்க ஆள் இருக்கும். கூழனை என்ன பண்றது?

பாறசாலை_மருமக | மே 5, காலை 11.30

கூழன்தான் இலையப்பத்துக்கு ராசா! சுளையை முறத்துலயோ கண்ணு அகலமான சல்லடையிலயோ தேச்சா நார் நின்னுரும், கூழு கீழ வரும். அதுல வறுத்த அரிசிமாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காப்பூ, ஏலக்கா, சுக்கு. வயணை இலையை (பிரிஞ்சி இலை மாதிரி மணக்கிற இலை) கூம்பு மாதிரி கோட்டி, அதுல வச்சு ஆவியில வேக வைங்க. மிஞ்சுன கூழை உருளியில கருப்பட்டியும் நெய்யும் போட்டு சுண்டக் கிண்டி வரட்டி வச்சா அடுத்த மழைக்காலம் வரைக்கும் இருக்கும், கை வலிக்கும், ஆள் மாறி மாறிக் கிண்டணும். கொட்டையைத் தூர எறியாதீங்க, மண்ணுல போட்டு வச்சா மாசக்கணக்கா இருக்கும், முருங்கைக்கீரையோட அவிச்சுக் கூட்டு வைக்கலாம்.

குழித்துறை_அக்கா | மே 27, இரவு 7.45

இந்த வருஷம் மே 24லயே கேரளாவுல பருவமழை தொடங்கிட்டு, வழக்கமா ஜூன் 1தான். எங்களுக்கும் அன்னையில இருந்தே அடைமழை. மாங்கா எல்லாம் வெடிச்சும் விழுந்தும் போச்சு, ஏத்தன்வாழை குலையோட ஒடிஞ்சு கிடக்கு. சீசன் முடிஞ்சுதுன்னே சொல்லலாம்.

அதை விட வேற சங்கதி. அடுத்த விளையை வித்தாச்சு. வாங்குனவங்க வீடு கட்டப் போறாங்க, செங்கவருக்கை நிக்கிற இடத்துலதான் அஸ்திவாரம் வருதாம். ஜூலை முதல் வாரம் மரம் முறிக்க ஆள் சொல்லியாச்சு. அவங்க மேல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, இருக்கிறதே 6 சென்ட். எனக்குத்தான் ரெண்டு நாளா சோறு இறங்கல. மாமியார் ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டு அந்த மரத்தையே பாத்துட்டுப் படுத்திருக்காங்க. மாமா, கொட்டை போட்டா அதே பழம் வருமா?

நாற்றங்கால்_மாமா | மே 27, இரவு 8.30

அழாதீங்க மக்களே, நேரம் இருக்கு. கொட்டையில இருந்து அதே பழம் வரும்னு உறுதி சொல்ல முடியாது. நம்ம மேற்குக்கரை மாமரத்துல சிலதுக்கு ஒரு கொட்டையில இருந்து நாலஞ்சு முளை வரும், அதுல பெரும்பாலும் தாயைப் போலவே வரும், ஆனா எந்த முளை எதுன்னு தெரியாது. உறுதி வேணும்னா ஒட்டுதான். இப்பம் உள்ள ஈரமும் அதுக்கு ஏத்த காலம்.

நீங்க தின்ன நாட்டுமாம்பழக் கொட்டை இருக்கா? புதுசா இருக்கணும், மாங்கொட்டை ஒரு மாசத்துக்கு மேல வச்சா முளைக்காது. மேல் ஓட்டைப் பைய நீக்கி உள்பருப்பை மட்டும் மணலும் சாணப்பொடியும் கலந்த கவர்ல ஊணுங்க, ஒரு 30 போடுங்க. இது ஜூன் முதல் வாரத்துல முடியணும்.

ஜூன் 18 வாக்குல செங்கவருக்கையில பூக்காத நுனிக்கொம்பா பாருங்க, பென்சில் தடிமன், மூணு நாலு மாசம் ஆனது. அதுல இலையை மட்டும் கத்தரிச்சு விடுங்க, இலைக்காம்பு நிக்கட்டும். பத்து நாள்ல காம்பு தானா உதிந்து நுனிமொட்டு பருத்து வரும். அதை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி ஈரத்துணியில பொதிஞ்சு அன்னைக்கே ஒட்டணும். கன்னு அப்பம் முளைச்சு ரெண்டு வாரத்துக்குள்ள, இலை செம்பு நிறமா இருக்கிறப்பம் இருக்கணும். அதைக் கொட்டைக்கு மேல மூணு விரல்கடை விட்டு வெட்டி நடுவுல பிளந்து, கொம்பை ஆப்பு மாதிரி ரெண்டு பக்கமும் சீவிச் சொருகி, பிளாஸ்டிக் நாடாவால இறுக்கிச் சுத்தி, மேல ஒரு சிப்அப் (குச்சி இல்லாத பாக்கெட் ஐஸ்) கவரைக் குல்லா மாதிரி மாட்டி நிழல்ல வைங்க. நாள் சொல்லுங்க, நானே வாறேன். பஸ்ல முக்கால் மணி நேரம்தான்.

கோவிந்தாபுரம்காரன் | மே 28, காலை 6.20

அக்கா, ஒரு கன்னு எனக்கு எடுத்து வைங்க, நானே வந்து வாங்கிக்கறனுங்க. ஊட்டைச் சுத்தி பதிமூணாவது மரமா வச்சுக்கறேன்.

அருமனை_தம்பி | மே 28, காலை 7.00

எனக்கும் ஒண்ணு. கிணத்துப் பக்கம் ரப்பர் மரம் ரெண்டை முறிச்சுட்டு இடம் விடுறேன்.

பள்ளிப்பட்டு_டீச்சர் | ஜூன் 24, இரவு 9.10

எங்க பக்கம் இந்த வருஷம் கிளிமூக்கு ரொம்ப அடி வாங்கிடுச்சு. சித்தூர்ல ஃபேக்டரி வாசல்ல டிராக்டர், லாரி வரிசை நாள்கணக்கா நிக்குது. கிலோவுக்கு 12 ரூபாய், கம்பெனி 8, அரசு 4ன்னு அறிவிச்சிருக்காங்க, ஆனா காய் காத்திருக்கறதில்லையே. எங்க தெருவுல பத்து வீடு சேந்து ஒரு விவசாயிகிட்ட நேரா ஒரு டிராக்டர் காய் வாங்கி ஊறுகாயும் மாங்காய் வத்தலும் போட்டோம். மொத்த மொட்டை மாடியும் மாங்காதான். அவர் கண்ணைத் தொடச்சிக்கிட்டே போனார், எனக்கு அது மனசை விட்டுப் போகலை.

குழித்துறை_அக்கா | ஜூலை 6, இரவு 8.00

ஜூன் 29 ஞாயிறு மாமா வந்தாங்க. 30 கொட்டையில 22 முளைச்சிருந்துது, எல்லாத்துலயும் ஒட்டியாச்சு. என் பெரிய மகன் நாடா சுத்தப் படிச்சுட்டான், கடைசி ஏழும் அவன் கட்டினது. மாமா சாப்பிடாம போகக்கூடாதுன்னு சொல்லி சக்கக்கொட்டைக் கூட்டும் மோரும் வச்சேன்.

நேத்து மரத்தை முறிச்சாங்க. காலையில எட்டுக்குத் தொடங்கி மூணு மணிக்கு முடிஞ்சுது. மாமியார் ஜன்னலைச் சாத்தச் சொல்லிட்டாங்க. முறிச்சவங்க கொம்புல சிக்கியிருந்த ஒரு பழத்தை எடுத்துட்டு வந்து தந்தாங்க, மழையில நனைஞ்சு ஒரு பக்கம் கறுத்திருந்துது. நல்ல பக்கத்தை வெட்டி மாமியாருக்குக் குடுத்தேன், முழுசும் தின்னாங்க.

நாற்றங்கால்_மாமா | ஜூலை 6, இரவு 8.25

கவரை இப்பம் தொறக்காதீங்க. உள்ள தண்ணி முத்து பிடிச்சிருந்தா நல்லதுதான். வாடுனது எதுன்னு ரெண்டு வாரத்துல தெரியும்.

குழித்துறை_அக்கா | ஜூலை 27, காலை 6.40

22ல 13 பிடிச்சிருக்கு. காலையில கவரை எடுத்துப் பாத்தேன், நுனியில ரெண்டு ரெண்டு இலை, பட்டு மாதிரி மெல்லிசு, செம்பு நிறம், கசக்காமலே மாங்கா மணம் வருது. மகன் கட்டினதுல அஞ்சு.

ஒண்ணு மாமாவுக்கு, ஒண்ணு கோவிந்தாபுரம் தம்பிக்கு, ஒண்ணு அருமனைக்கு, ரெண்டு எங்க விளையில. ஒண்ணு அடுத்த விளை வாங்குனவங்களுக்கு, மதிலோரம் வைக்க இடம் விட்டிருக்கோம்னு அந்தப் பெண்ணே வந்து கேட்டா. மீதி ஏழு இருக்கு. வெயிலுக்கு மெதுவா பழக்கி ஆவணியில தருவேன், யாருக்கு வேணும்னு சொல்லுங்க. வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போகணும், மத்தியானச் சோறு உண்டு.

திவ்யா (தேடல்_திவ்யா) | ஜூலை 27, காலை 7.05

அக்கா எனக்கு ஒண்ணு. அப்பார்ட்மென்ட் பின்பக்கம் அசோசியேஷன்ல கேட்டு இடம் வாங்கிட்டேன்.

பனங்காட்டான் | ஜூலை 27, காலை 7.12

எனக்கும் ஒண்ணு அக்கா. வாறப்பம் கருப்பட்டி கொண்டு வாறேன்.